மதாமின் தெற்குச் சரிவு

ஒரு போத்தலோடு சண்டை பிடித்த மனுசியை நான் மெல்பேர்னில்தான் முதன்முதலாகக் கண்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் ஒரு வைன் கொம்பனியின் ஆய்வுகூடத்துக்குத் தலைவன். அவர் அங்கே மண் பரிசோதிப்பவர். மற்றக் கொம்பனிகளின் சரக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க, மாதிரிப் போத்தல்கள் வாங்க இருவரும் ஸ்பிரிங்வேலில் ஒரு மதுக்கடைக்குப் போயிருந்தோம். தட்டில் ஒரு வரிசை முழுவதும் 'ஷப்லி' என்று லேபல் ஒட்டிய போத்தல்கள். அவர் ஒன்றை உருவியெடுத்துக் கடைக்காரரின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இது எந்த ஊர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கடைக்காரர் சிரித்தார். அது ஷப்லி, வெள்ளை வைன், மீனோடு குடிக்க நல்லாயிருக்கும் என்றார்.

"ஷப்லிங்கறது ஒரு ஊரு. பிரான்ஸ்ல இருக்கு. நான் அங்க பதினாறு வருஷம் இருந்தேன். இந்த போத்தல் அந்த ஊர்ப் பக்கமே போனதில்ல." இதை அவர் ஆங்கிலத்தில் ஒரு தடவை அந்த மனிதருக்கும், தமிழில் ஒரு தடவை எனக்கும் சொன்னார். எனக்கு ஏன் சொன்னார் என்று விளங்கவில்லை. பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, லேபலில் இருந்த பெயரை அடித்துவிட்டு, மேலே 'சூடான ஊர்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். கடைக்காரரின் சிரிப்பு போய்விட்டது. நான் மன்னிப்புக் கேட்டு, அந்தப் போத்தலுக்கும் காசு கட்டி, அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். காரில் ஏறிய பிறகுதான் லேபலைச் சரியாகப் பார்த்தேன். அது எங்கள் கொம்பனியின் போத்தல்.

புதுச்சேரிக்காரர். எல்லோரும் அவரை 'மதாம்' என்றோம். அந்த ஊரில் மரியாதைக்குரிய பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கொண்டை, கால்சட்டை, முழங்கால் வரை றப்பர் பூட்ஸ். யாராவது 'மெட்ராஸ் அன்ரி' என்று சொன்னால் அந்த இடத்திலேயே திருத்துவார். கன்ரீனில் 'பிரெஞ்சுப் பொரியல்' என்று உருளைக்கிழங்கைக் கொடுத்தால், பரிமாறுகிற பிள்ளைக்கு அது பெல்ஜியத்துச் சாப்பாடு என்று விளக்கம் சொல்வார். பின்னால் வரிசையில் இருபது பேர் பசியோடு நிற்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு பொருளுக்கு அதன் பெயர் இல்லாத பெயரைச் சொன்னால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். எனக்கும் எரிந்தது, வேறு காரணத்துக்காக. இவரோடு ஒரு அறையில் நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்தவன் நான்.

எங்கள் 'ஷப்லி' எப்படித் தயாரானது என்பதைச் சொல்லவேண்டும். வடக்கே, வெயில் கொளுத்துகிற சமவெளியில், ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த திராட்சை அது. பாதி உலர்த்தி வற்றலாகப் போகும், மீதி எங்களுக்கு வரும். அந்த வெயிலில் பழத்தில் இனிப்பு ஏறும், புளிப்பு இறங்கிவிடும். புளிப்பில்லாத வைன் சப்பென்று இருக்கும். ஆகவே நான் சாக்கிலிருந்து புளிப்பு அமிலத்தை அள்ளித் தராசில் நிறுத்துத் தொட்டியில் கொட்டச் சொல்வேன். குளிர் செய்யவேண்டிய வேலையை நான் தராசில் செய்துகொண்டிருந்தேன்.

மதாம் பக்கத்தில் வந்து நிற்பார்.

"அங்க குளிர் ஆறு மாசம் செய்யற வேலைய நீங்க ஆறு நிமிஷத்துல முடிச்சிடுறீங்க சார்."

"எனக்கு அதுக்குத்தான் மதாம் சம்பளம்."

"அப்ப லேபல்ல உங்க பேரைப் போடச் சொல்லுங்க. எதுக்கு அந்த ஊர் பேரு?"

அந்த ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மட்டும் அவருடைய குரல் இறங்கும். அங்கே கோடை கஞ்சத்தனமானது என்பார். பழம் பழுத்தும் பழுக்காமலும் நிற்கும்போதே குளிர் வந்துவிடும். அதனால்தான் அந்த வைனில் கத்தி தீட்டினது போல ஒரு புளிப்பு. மண் வெள்ளை மண், ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது, கல்லை உடைத்தால் உள்ளே நகத்தளவு சிப்பிகள். வசந்தத்தில் துளிர் வந்த பிறகு உறைபனி விழுமாம். ஒரே விடியலில் அந்த வருஷத்து வெள்ளாமை முழுவதும் கருகிவிடும். கொடிகளுக்கு நடுவே எண்ணெய் அடுப்புகளை ஏற்றிவைத்துக்கொண்டு ஊரே காவல் நிற்குமாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த கணவர் அங்கேதான் இறந்தார். அதற்குப் பிறகு இவர் மண் ஆய்வுகூடம் ஒன்றில் கண்ணாடி கழுவும் வேலைக்குப் போய், படித்து, மண் பார்ப்பவராகி, அந்தச் சரிவுகளில் வாளியும் கையுமாக ஏறி இறங்கியிருக்கிறார்.

"ஒரே ஆறு. இந்தப் பக்கம் இருக்கிற சரிவு தெற்கைப் பாத்து சாயங்கால வெயில் வாங்குது. அதுல வர்ற வைனுக்கு ராஜ மரியாதை. எதிர்ப் பக்கம் அதே கல்லு, அதே கொடி. ஆனா குடிச்சா வேற. மண்ணு மட்டும் இல்ல சார், வெயில் எந்தப் பக்கமா வருதுன்னு பாக்கணும்."

நான் ஊரில் ஒரு சீமெந்து ஆலையில் இருந்தவன். சுண்ணாம்புக் கல் எனக்கு அரைத்துச் சுடுகிற சாமான். அதை நான் ஒருமுறை 'சீமெந்துக் கல்' என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஒரு ஜனவரியில் கொம்பனி மெல்பேர்னிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒரு குன்றை வாங்கியது. மனேஜர் வெள்ளைக்காரர், எல்லோரையும் 'மேட்' என்று தோளில் தட்டுகிறவர். குளிர்ந்த இடத்தில் சொந்தமாகத் திராட்சை போட்டு, உண்மையான ஷப்லி போல ஒன்று செய்யலாம் என்று யாரோ அவருக்கு ஆசை மூட்டியிருந்தார்கள். குன்றின் எந்தப் பக்கம் கொடி நடுவது என்று மதாம் சொல்லவேண்டும். நானும், கமராவோடு மனேஜரும் கூடப் போனோம்.

அவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து முடிவு சொல்கிற ஆள் இல்லை. தோள் ஆழத்துக்குக் குழி வெட்டச் சொல்லி, அதற்குள் இறங்கி நின்று, சுவரைச் சுரண்டிச் சுரண்டிப் பார்ப்பார். குன்றின் இரண்டு பக்கமும் ஆறு குழிகள். மேலே நின்று நாடா பிடித்தே என் கழுத்து வெந்துவிட்டது. நான்காவது குழிக்குள்ளிருந்து ஒரு கல்லில் அமிலம் விட்டுப் பார்த்தார். சோடாப் போத்தல் திறந்தது போல நுரைத்தது. சுண்ணாம்பு. "சார், கேக்குதா? கேக்குதா?" என்று குழிக்குள் நின்று கத்தினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

இரண்டு பக்கமும் ஒரே கல்தான். வரைபடத்தை விரித்து, ஒரு விநாடிகூட யோசிக்காமல், தெற்கைப் பார்த்த சரிவில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். மனேஜருக்குச் சந்தோஷம், அந்தப் பக்கம்தான் பெரிய வீதிக்குத் தெரியும். நடுக்கோடை, நடுமத்தியானம், சூரியன் கிட்டத்தட்ட உச்சியில். குன்று முழுவதும் ஒரே வெயில். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஏப்ரலில் வருஷப்பிறப்பு வந்தது. அப்போது மெல்பேர்னில் தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம். மல்கிரேவில் ஒரு அங்கிள் வீட்டில் எல்லோரும் கூடினோம். நான் வைன் கொம்பனியில் வேலை செய்வது அங்கே யாருக்கும் தெரியாது. நாங்கள் சைவக் குடும்பம். புதிதாகத் தொடங்கியிருந்த வழிபாட்டுக் குழுவில் தேவாரம் பாடுவது நான். ஆகவே பழரசக் கொம்பனி என்று சொல்லி வைத்திருந்தேன். என் மனைவிக்கும் அதைத்தான் சொல்லியிருந்தேன். அவளுடைய தகப்பன் கள்ளுத் தவறணை இருக்கும் தெருவால்கூட நடக்காத மனிதர்.

தமிழர் என்ற ஒரே காரணத்துக்காக மதாமையும் யாரோ அழைத்துவிட்டார்கள்.

அங்கிள் என்னை ஒரு புதுக் குடும்பத்துக்கு அறிமுகம் செய்தார். "தம்பி பழரசக் கொம்பனியில பெரிய கெமிஸ்ட்."

மதாம் கையில் வடையோடு திரும்பினார்.

"பழரசமா? யாரு சொன்னா? நாங்க வைன் பண்றோம். நல்ல வைன்கூட இல்ல."

குசினிக்குள் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. அங்கிள் கதிரையில் இருந்தபடி என்னைப் பார்த்தார். பூசைக்கு நேரம் வந்ததும் தேவாரம் பாட இன்னொருவரைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவேயில்லை.

காரில் மனைவி நேரே வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டு வருசமா எனக்கும் பழரசம்தான் காட்டினனீங்கள், என்ன?" பிறகு மூன்று கிழமை அவள் என்னோடு பேசிய மொத்தப் பேச்சை ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம்.

திங்கட்கிழமை ஆய்வுகூடக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "ஏன் மதாம் அப்பிடிச் செய்தனீங்கள்? உங்களுக்கு நான் என்ன குறை வைச்சனான்?"

அவருக்கு நான் எதைக் கேட்கிறேன் என்றே முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஆச்சரியப்பட்டார்.

"தப்பா சொன்னாங்க, திருத்தினேன். இதுல என்ன சார்?"

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அவர் பாட்டுக்கு வடையைத் தின்றுகொண்டு என் வீட்டுக்குள் நெருப்பு வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றே மனசுக்குள் முடிவு கட்டினேன். இந்த மனுசி ஒரு நாளைக்குத் தானும் ஒரு பிழையில் மாட்டவேண்டும். அன்று இவரைத் திருத்த ஆள் இருக்கக்கூடாது.

அந்த நாள் ஜூனிலேயே வந்தது. மதாம் குன்றில் ஒரு வெப்பமானி பொருத்தியிருந்தார், மாதம் ஒருமுறை போய்க் குறித்துவரவேண்டும். அந்த மாதம் மகளுக்குப் பிரசவம் என்று அவர் விடுமுறையில் இருந்தார். நான் போனேன். காலை பதினொரு மணி. தெற்குச் சரிவு முழுவதும் உறைபனி, புல் வெள்ளையாக, மிதித்தால் நொறுங்கியது. குளிர் தாங்காமல் உச்சிக்கு ஏறினேன். அந்தப் பக்கம், வடக்குச் சரிவில், பனி இருந்த தடமே இல்லை. செம்மறிகள் வெயிலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. நான் திரும்பி நின்றேன். என் நிழல் தெற்குச் சரிவில் கீழ்நோக்கி நீண்டு கிடந்தது.

பூமியின் இந்தப் பாதியில் சூரியன் வடக்கால் போகிறது. குளிர்காலத்தில் தெற்குச் சரிவுக்கு வெயில் சரியாக விழாது. வசந்தத்திலும் அரைகுறைதான். மதாம் பிரான்சின் தெற்கைத் தூக்கிக்கொண்டு வந்து அவுஸ்திரேலியாவின் தெற்கில் வைத்துவிட்டார். ஊர்ப் பெயரை இன்னொரு ஊருக்கு ஒட்டாதே என்று உலகத்தோடு சண்டை பிடித்தவர்.

எனக்கு வந்தது சந்தோஷம். மறைத்துப் பிரயோசனம் இல்லை. வெப்பமானி எண்ணை மட்டும் கொப்பியில் குறித்தேன். பதினொரு மணிப் பனியையும் செம்மறிகளையும் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. திரும்பி வரும்போது இரண்டு மணி நேரமும் காரில் தேவாரம் பாடிக்கொண்டு வந்தேன். கேட்க ஆள் இல்லாத தேவாரம்.

மதாம் வேலைக்குத் திரும்பி எண்ணைப் பார்த்துச் சொன்னார். "நல்ல குளிர் சார். ஷப்லி மாதிரியே." நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்டில் சரிவில் கொடிக்கான கட்டைகளை ஊன்றத் தொடங்கினார்கள். வீதியோரம் ஆள் உயரத்துக்கு 'ஷப்லி மலை' என்று பலகை வந்தது. அந்தப் பெயர் வேண்டாமென்று மனேஜரோடு சண்டை பிடித்துத் தோற்ற மதாம், கொடியாவது நன்றாக வரட்டும் என்று கட்டைகளைப் பார்க்கப் போனார். மறுநாள் காலை சேற்றுப் பூட்ஸோடு ஆய்வுகூடத்துக்குள் வந்து நின்றார். ஒரு நாளும் அப்படிச் சேற்றோடு உள்ளே வந்ததில்லை.

"நேத்து சாயங்கால வெயிலுக்காக அங்க உக்காந்திருந்தேன். நாலு மணிக்கே நிழல் விழுந்துடுச்சு. சார், சூரியன் வடக்கால போகுது."

"ஓம்."

"எனக்குத் தெரியும்ல? வீட்டுல துணியே வடக்குப் பக்கம்தான காயப் போடறேன். தெரிஞ்சும் கை தெற்குல வட்டம் போட்டிருக்கு." அந்தக் கையை விரித்துப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா சார்? முன்னாடியே தோணுச்சா?"

"எனக்கு எப்பிடித் தெரியும் மதாம்? எங்கட ஊரில மலையே இல்லையே."

அவ்வளவு சுளுவாக வந்தது அந்தப் பொய்.

அவர் நேரே மனேஜரிடம் போனார். நானும் போனேன், போகாமல் இருக்க முடியாது. கட்டைகளைப் பிடுங்கி மறுபக்கம் நடவேண்டும், தவறு என்னுடையது என்றார். மனேஜர் சிரித்தார். வீதியிலிருந்து பார்க்க இந்தப் பக்கம்தான் அழகு என்றார். பழம் சரியாக வராவிட்டால் என்ன, கெமிஸ்ட் இருக்கிறான் என்று என் தோளில் தட்டினார். விளம்பரத்தாளும் அச்சாகிவிட்டது. அதில் மதாம் குழிக்குள் நின்று சிரிக்கிற படம். 'பிரான்சின் நிபுணர் தேர்ந்தெடுத்த சரிவு' என்று கீழே எழுத்து.

"என் பேரை அதுல போடாதீங்க" என்றார் மதாம். "பிழையை எழுதித் தர்றேன். டைரக்டர்கள் படிக்கட்டும்."

எழுதினால் வேலை இல்லை என்றார் மனேஜர். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்க வரும்.

மதாம் எழுதினார். டைரக்டர்கள் அதை வயதான ஒரு பெண்ணின் குழப்பம் என்று சொல்லி ஓரமாக வைத்தார்கள். அந்த வெள்ளிக்கிழமையோடு அவர் போனார். கொடிகள் தெற்குச் சரிவிலேயே நடப்பட்டன. அவற்றில் பழம் ஒரு வருஷமும் ஒழுங்காகப் பழுக்கவில்லை. நான் அந்தக் கொம்பனியில் இன்னும் பதினொரு வருஷம் இருந்தேன், சம்பளமும் கூடியது. விளம்பரத்தாளில் மதாம் தொடர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தன் மகளின் குடும்பத்தோடு சிட்னிக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தேடிப்போக எனக்கு முகம் இல்லை.

ஆனால் அந்த அறிக்கை டைரக்டர்களிடம் போவதற்கு முதல்நாள் நடந்தது ஒன்று இருக்கிறது. ஆய்வுகூடத் தலைவனின் கையெழுத்து இல்லாவிட்டால் அது வெறும் கடிதம். ஆகவே மதாம் அதை என்னிடம் கொண்டுவந்தார். ஒரு பக்கம்தான். கடைசிப் பந்தியில் இப்படி இருந்தது: 'பிழை முழுவதும் என்னுடையது. ஆய்வுகூடத் தலைவருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அவர் உடனே சொல்லியிருப்பார்.'

என் மேசை இழுப்பறைக்குள் ஜூன் மாதக் கொப்பி இருந்தது. அந்த நாள், அந்த நேரம், அந்த எண். பக்கத்தில் நான் கண்ட பனியையும் எழுதி அறிக்கையோடு இணைத்திருந்தால், அதைக் குழப்பம் என்று யாராலும் ஒதுக்கியிருக்க முடியாது. கட்டைகளைப் பிடுங்கியிருப்பார்கள். இரண்டு மாதம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று என்னைக் கேட்டிருப்பார்கள். அதன் பிறகு மதாமோடு நானும் வெளியே நின்றிருப்பேன்.

இழுப்பறையை நான் திறக்கவில்லை. அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். எனக்கு மீண்டும் அவர் மீதுதான் கோபம் வந்தது. ஊர் முழுவதும் லேபல்களைக் கிழிக்கிற மனுசி, என் மேல் ஒட்டியிருந்ததை ஒரு தடவை சுரண்டிப் பார்த்திருக்கக்கூடாதா?

கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை வாங்கி, மை காய்கிறதா என்று பார்த்தார்.

"ரொம்ப நன்றி சார். உள்ளதை உள்ளபடி எழுதினா கையெழுத்து போட இங்க ஒருத்தராவது இருக்கீங்க."

"ஓம் மதாம்" என்றேன்.